கரும்புக்குள் இருபத்தாறு பேர்

பழுப்புத் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுகிற தாள். எட்டாக மடித்தது. மடிப்புகளில் மூன்று இடங்களில் கிழிந்துவிட்டது. இரண்டு கிழிசலுக்கு டேப் ஒட்டினேன், மூன்றாவதற்குள் டேப் தீர்ந்துபோனது. விரித்தால் நடுவில் நீல மையில் ஒரு நாலா, அதாவது ஓடை, வளைந்து போகும். நாலாவுக்கு மேற்கே, ஒடுங்கிய ஒரு பட்டையில் பதின்மூன்று சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓர் எண். கிழக்கே பழைய ஊர், ஒரு கோவில், ஒரு பள்ளிக்கூடம், அவற்றைச் சுற்றிப் பச்சைப் பென்சிலில் குத்துக் குத்தாய்க் கரும்பு. கணக்கெடுப்பவர் தன் வட்டாரத்தை நடந்து பார்த்து, அளவுகோல் இல்லாமல் கண்ணளவில் வரைகிற படத்துக்கு இங்கே நஜரி நக்ஷா என்று பெயர். இருபத்தெட்டு வருடங்களாக இது என்னிடம்தான் இருக்கிறது. இது என்னுடையது அல்ல.

வரைந்தவர், அந்த வட்டாரத்தில் கணக்கெடுத்த, அந்தப் பள்ளியின் ஆசிரியை. பிள்ளைகளும் ஊராரும் அவரைப் பாயி என்றார்கள். மராட்டிப் பள்ளிகளில் ஆசிரியைகளை அப்படித்தான் கூப்பிடுவது. நான் டீச்சர் என்றேன். அவருடைய அப்பா அரக்கோணம் பக்கத்திலிருந்து, பட்டாளத்துக்கு வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். டீச்சர் புனேயிலேயே பிறந்து, மராட்டியில் படித்து, மராட்டியில் பாடம் நடத்தினார். வீட்டில் தமிழ். அந்தப் பதின்மூன்று வீடுகளும் அப்படி வந்து தங்கியவர்களுடையவைதாம். அவற்றில் ஒன்று டீச்சருடையது. நானோ திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, பல ஊர் சுற்றி, நாற்பத்து நான்கு வயதில் புனேக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகியிருந்தவன். எனக்கு இந்தி சுமாராகத் தெரியும். மராட்டி தெரியாது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் எரிச்சல் யாருக்கும் விளங்காது. மக்களைப் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் எண்ணுகிறார்கள். ஊரின் எல்லையை மட்டும் நினைத்தபோதெல்லாம் மாற்றுகிறார்கள். நேற்றுவரை கிராமமாக இருந்தது இன்று நகரத்தோடு சேரும், அல்லது பாதி சேரும். அப்போது யாரையும் புதிதாக எண்ணமாட்டோம். பழைய எண்ணைப் புதிய எல்லைக்கு ஏற்ப வெட்டி, இங்கே கழித்து அங்கே கூட்டுவோம். முழுக் கிராமம் போனால் சுலபம். ஒரே கணக்கெடுப்பு வட்டாரத்தின் குறுக்கே கோடு விழுந்தால்தான் தலைவலி. டீச்சரின் வட்டாரத்தில் மொத்தம் நானூற்று முப்பத்தொரு பேர் என்று முன்பே அச்சாகிவிட்டது. புதிய எல்லை நாலாவின் வழியே போனது. மேற்குப் பட்டை நகரத்துக்கு, மற்றது கிராமத்துக்கு. பட்டையில் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் தனியாக இல்லை. வீடுவாரியான படிவங்கள் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டன. அந்த எண்ணைப் பொறுத்துத்தான் பட்டைக்குக் குழாய் வரும்: எங்கள் பக்கத்தில் அப்போது ஐம்பது பேர் வரை ஒரு குழாய், அதற்குமேல் போனால் இரண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் வழக்கம், பரப்பளவு விகிதத்தில் பிரித்துவிடுவது. பத்தில் ஒரு பங்கு நிலமா, பத்தில் ஒரு பங்கு ஜனம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால்தான் பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்; அடுத்த இருபது நிமிடத்தில் அதையும் கெடுத்தேன்.

டீச்சர் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "இன்னா சார், ஜனங்க இன்னா பூந்தியா, நெலத்துமேல சமமா தூவி வைக்க? நாலாவுக்கு இந்தாண்ட பூரா கரும்பு. நாங்கெல்லாம் அந்தாண்ட ஒருத்தர் மேல ஒருத்தரா கெடக்கறோம்." உள்ளே போய் மேசையிலிருந்து இந்தத் தாளை எடுத்துவந்து சுவரின்மேல் விரித்தார். அலுவலகத்துக்கு ஒரு படம் கொடுத்துவிட்டு, தனக்கென்று இதை வைத்துக்கொண்டாராம். ஒவ்வொரு சதுரத்திலும் விரலை வைத்து, உதடு அசைய, வேகமாய்க் கூட்டினார். எனக்கு அரையும் குறையுமாகத்தான் கேட்டது. என் கண் பஸ் நிறுத்தத்தில் இருந்தது. பஸ் வந்து நின்றுவிட்டது. அதைத் தவறவிட்டால் அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து.

"எழுதிக்குங்க சார். அந்தாண்ட ஏகோண்சத்தர் பேரு. இந்தாண்ட தீன்ஷே பாசஷ்ட்."

பாசஷ்ட் எனக்குப் புரிந்தது, இந்தியில் பாஸட், அறுபத்திரண்டு. முந்நூற்று அறுபத்திரண்டு. ஏக் என்றால் ஒன்று. சத்தர் என்றால் எழுபது. எழுபத்தொன்று என்று எழுதினேன். தாளையும் வாங்கிப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது எத்தனை எட்டு வைத்தேன் என்றுகூட எண்ணினேன்: முப்பத்தெட்டு.

அலுவலகத்தில் கூட்டிப் பார்த்தால் நானூற்று முப்பத்து மூன்று. அச்சான மொத்தம் நானூற்று முப்பத்தொன்று. இரண்டு பேர் அதிகம். அப்போது நான் செய்திருக்க வேண்டியது என்ன? பையிலிருந்த தாளை விரித்து, பதின்மூன்று எண்களைக் கூட்டியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. பஸ்ஸில் ஏறுகிறவர்களை எண்ணுகிறவன், கோவில் படிகளை எண்ணுகிறவன், சாப்பிட்டபின் தட்டில் மிச்சமிருக்கும் பருக்கைகளைக்கூட எண்ணுகிறவன், அந்தப் பதின்மூன்றை மட்டும் கூட்டவில்லை. என் காதில் விழுந்தது சரி, அந்த அம்மாளின் கணக்குத்தான் தப்பு என்று முடிவுகட்டி, குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் வைத்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார். அந்த ஆசிரியை அந்தப் பட்டையிலேயே குடியிருப்பவர் என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். குழாய்க்காகக் கூட்டிச் சொல்கிறாள் என்றார். முடிவு இரண்டு வரியில் வந்தது: ஆசிரியை தந்த விவரம் நம்பத்தக்கதல்ல, பரப்பளவு விகிதத்தில் பிரிக்கவும். பட்டைக்கு நாற்பத்து மூன்று பேர் விழுந்தார்கள். மிச்ச இருபத்தாறு பேரும் நாலாவைத் தாண்டிக் கிழக்கே போனார்கள், அதாவது கரும்புக்குள். டீச்சருக்கு ஒரு மெமோ போயிற்று: கணக்கெடுப்பில் கவனக்குறைவு, இரண்டு நபர்கள் அதிகம், விளக்கம் தருக. அதைத் தட்டச்சு செய்யக் கொடுத்தவன் நான்.

விளக்கம் எழுதி அனுப்பாமல் அவரே வந்தார். பன்னிரண்டு மேசைகள் இருந்த கூடம் அது; பதினொரு மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"ரெண்டு பேரு அதிகமாமே சார்? யாரு அந்த ரெண்டு பேரு? பேரைச் சொல்லுங்க, வீட்டுக்குக் கூட்டினு போய் சோறு போடறேன்."

"நீங்க சொன்னதைத்தான் எழுதுனேன் டீச்சர்."

"நான் சொன்னதைத்தான் எழுதினீங்கன்னா எப்படி அதிகமாவும்? நம்ம நக்ஷாவைக் குடுங்க. இங்கியே கூட்டிக் காட்டறேன், எல்லாரும் பாக்கட்டும்."

"அது ஃபைல்ல இருக்கு. ஃபைல் மேலிடத்துக்குப் போயிருக்கு."

பொய். தாள் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. அதை எடுக்க ஒரு கையை நீட்டினால் போதும். ஏன் நீட்டவில்லை என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். பயம் ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் கேட்ட தோரணை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அறுவது வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறேன். எனக்குக் கூட்டத் தெரியாதுன்னு எழுதிட்டீங்க. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் கழித்து வேறொரு கிராமத்தின் எல்லையைப் பார்க்கப் போனபோது அதே சாலையில் பஸ் பழுதாகி நின்றது. இறங்கி நடந்தேன். பள்ளிக்கூட ஜன்னல் வழியே பிள்ளைகள் ஒரே குரலில் எண்களை ஒப்பிப்பது கேட்டது. நான் வழக்கம்போல் கூடவே எண்ணினேன். அடுசஷ்ட் என்றார்கள், அறுபத்தெட்டு, சரி. அடுத்து அறுபத்தொன்பது வரவேண்டும். பிள்ளைகள் ஏகோண்சத்தர் என்றார்கள். அதன் பிறகு சத்தர். அதன் பிறகுதான் எழுபத்தொன்று, ஏகாஹத்தர்.

வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன். ஏகோண் என்றால் ஒன்று குறைந்தது என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, வரிசையே சொல்லிவிட்டது. எழுபதுக்கு ஒன்று குறைவு. நான் கூட்டிக்கொண்டதை அவர்கள் கழித்திருந்தார்கள். இதில் வெட்கம் என்னவென்றால், என் தாய்மொழியிலும் இதே சங்கதி உண்டு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருக்கிறது. அது நூறைவிடக் குறைந்த எண். தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது. கணிதம் படித்தவனுக்கு அது தோன்றவில்லை. டீச்சர் என்னோடு தமிழில் பேசினார், ஆனால் எண்களை மட்டும் படித்த மொழியில்தான் சொன்னார். மனிதர்கள் எந்த மொழியில் பேசினாலும் வாய்ப்பாடு படித்த மொழியில்தான் எண்ணுகிறார்கள். அதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மும்பையிலும் நாக்பூரிலும் இருந்தபோதெல்லாம் தமிழில்தானே எண்ணினேன்.

திரும்பிவந்து இழுப்பறையைத் திறந்து தாளை விரித்துக் கூட்டினேன். அறுபத்தொன்பது. கீழிருந்து மேலாகக் கூட்டினாலும் அறுபத்தொன்பது. அறுபத்தொன்பதோடு முந்நூற்று அறுபத்திரண்டு, நானூற்று முப்பத்தொன்று. ஒரு தலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மேலதிகாரியிடம் போனேன். அவர் முழுதும் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, "டோட்டல் பராபர் ஹை நா?" என்று கேட்டார். மொத்தம் சரியாக இருக்கிறதல்லவா. ஆமாம், நாற்பத்து மூன்றும் முந்நூற்று எண்பத்தெட்டும் சேர்ந்தால் நானூற்று முப்பத்தொன்றுதான். "பின்னே என்ன? யாரும் தொலைந்துபோகவில்லையே. எல்லாரும் மாவட்டத்துக்குள்ளேதானே இருக்கிறார்கள்?" என்றார் இந்தியில். அரசிதழில் வந்துவிட்ட எண்ணை இனித் தொட முடியாது, அடுத்த கணக்கெடுப்பில் தானாகச் சரியாகிவிடும். வேண்டுமானால் கோப்பில் ஒரு குறிப்பு வைத்துக்கொள் என்றார். வைத்தேன். 'ஒலி வேறுபாட்டால் நேர்ந்த பிழை' என்று எழுதினேன். யாருடைய காது என்று எழுதவில்லை. மெமோவைத் திரும்பப் பெறுவது பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. ஐந்தே சொற்களில் தப்பித்துக்கொள்ளலாம் என்றால் நான்கில் தப்பிக்கப் பார்க்கிறவன் நான் என்று அன்று தெரிந்தது.

டீச்சரிடம் நேரில் சொல்லப் போனேன். சாயங்காலம். பட்டையில் ஒரு குழாய், அதன் முன்னால் முப்பத்தொரு குடங்கள். வரிசையில் ஒன்பதாவதாக அவர் நின்றிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். ஏகோண்சத்தர், எழுபத்தொண்ணு என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்போ அந்த ரெண்டு பேரும் நீங்கதானா சார்?"

"அதான் கரெக்டா ஆயிடுச்சே, ரெண்டாவது கொழா எப்போ வருது?" என்று பக்கத்துப் பெண் கேட்டாள். அடுத்த கணக்கெடுப்புக்குப் பிறகு என்றேன். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். டீச்சர்தான் பேசினார்: "போய்ச் சொல்லுங்க சார் உங்க ஆபீஸ்ல. கரும்புக்குள்ள சவ்வீஸ் பேரை நிக்க வெச்சிருக்கீங்களே, அவங்களுக்காச்சும் ஒரு கொழா போடச் சொல்லுங்க. தாகமா இருக்கும்." சவ்வீஸ், இருபத்தாறு. இதை மட்டும் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது குழாய் அடுத்த கணக்கெடுப்புக்குப் பிறகுதான் வந்தது. அத்தனை வருடமும் அந்த முப்பத்தொரு குடங்களும் ஒரே வாயின் கீழ் நின்றன. டீச்சர் தலைமை ஆசிரியை ஆகாமலே ஓய்வு பெற்றார். மெமோதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோவிலில் பார்ப்பேன். இதுவரை பதினான்கு முறை பார்த்திருக்கிறேன். பதினான்கு முறையும் என் மனைவி எதிரிலேயே ஒரே கேள்வி: "என் சவ்வீஸ் பேரு சௌக்கியமா சார்?" தாளைத் திருப்பித் தரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். திருப்பிக் கொடுத்தால் இழுப்பறையில்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அதனால் கொடுக்கவில்லை.

இப்போது நான் இருப்பது நாலாவுக்குக் கிழக்கே. ஓய்வுக்குப் பின் மகன் வாங்கிய வீடு. நான்கு கட்டடங்கள், பதினொரு மாடிகள், நூற்று எழுபத்தாறு வீடுகள். குடிவந்த மூன்றாம் நாள் பால்கனியில் நின்று பார்த்தபோதுதான் இடம் அடையாளம் தெரிந்தது. நாலாவின்மேல் கான்கிரீட் மூடிச் சாலை போட்டிருக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருந்தது பச்சைப் பென்சில் குத்துகளின்மேல். டீச்சரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "போய் அவங்களோடயே நின்னுட்டீங்களா? இருவத்தேழாவது ஆளு" என்றார். அவர் இப்போது வாகட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்.

சென்ற மாதம் மறுபடியும் எல்லை மாறுகிறது என்று வரைவு அறிவிப்பு வந்தது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம். வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்ததை மூக்குக் கண்ணாடிக்குமேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதே நாலா. அதே பட்டை. கடைசியாக எடுத்த கணக்கு எவ்வளவோ பழசு. அதைத்தான் இன்னும் வெட்டி ஒட்டுகிறார்கள். எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் பிரித்தது, பரப்பளவு விகிதத்தில் என்றார்கள். அந்தக் கணக்கு எடுத்தபோது எங்கள் இடத்தில் கரும்புதான் இருந்தது. ஆகவே பட்டையிலிருந்து மறுபடியும் ஒரு கூட்டத்தைக் கிளப்பிக் கரும்புக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடம் கட்டடமாக மூன்று வாரம் ஏறி இறங்கி நான் எண்ணியதில் இங்கே ஐந்நூற்று எண்பத்து மூன்று பேர் இருக்கிறோம். ஆறு வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாங்கள் யாரும் அந்த அறிவிப்பில் இல்லை. இல்லாத ஆட்கள் எங்கள் இடத்தில் நிற்கிறார்கள். மகன், "விடுங்கப்பா, புதுக் கணக்கு வந்தா சரியாயிடும்" என்கிறான். அவனுக்கு அந்த வாக்கியத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆட்சேப மனு எழுதினேன், இரண்டு பக்கம். பரப்பளவில் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் காட்டவேண்டும் அல்லவா? அதனால் முதல் பத்தியில் இதை எழுதினேன்: இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இதே பட்டையில் அறுபத்தொன்பதை எழுபத்தொன்று என்று எழுதியவன் நான், ஆசிரியை சரியாகவே எண்ணியிருந்தார், அவருடைய படம் அன்று என் இழுப்பறையில் இருந்தது. நான்காவது கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தாள். "ஆஜோபா," என்றாள், தாத்தா என்று அர்த்தம். முதல் பத்தி இந்த விஷயத்தோடு சேராது, அதை எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், முத்திரை போட்டுத் தருகிறேன் என்றாள். அந்தப் பத்திதான் விஷயமே என்றேன். எனக்குப் பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். மனுவைத் திருப்பித் தந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சரைக் கூப்பிட்டு அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன்.

"இழுப்பறைலயா இருந்துது?" என்றார் கடைசியில்.

"ரெண்டாவது இழுப்பறை."

"ரிடயராகிப் பத்து வருஷம் ஆச்சு சார் எனக்கு. இப்போ வந்து எழுதறீங்க." பிறகு, "கூட்டிப் பாத்துட்டுத்தான் எழுதினீங்களா, இல்ல இந்த வாட்டியும் காதால கேட்டதா?" என்றார்.

தாளை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தேன். வடக்கிலிருந்து தெற்காக, சதுரம் சதுரமாக நான் படிக்க, அவர் யாருடைய வீடு என்று சொன்னார். ஐந்து: எங்க மாமியார் வீடு. ஆறு: லேத்துக்காரர். நான்கு, ஏழு, மூன்று. எட்டு: நாங்க. ஐந்து, ஆறு, நான்கு. இரண்டு: அந்தக் கெழவனும் கெழவியும், பாவம். ஒன்பது, ஆறு, நான்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் வாய்க்குள் கூட்டிக்கொண்டே வந்தது கேட்டது, மராட்டியில்.

"ஏகோண்சத்தர்" என்றார்.

நான் மனுவின் ஓரத்தில் எழுதினேன். எங்கள் தொழிலில், வாயால் சொன்ன எந்த எண்ணையும் எழுதியவுடன் சொன்னவரிடமே திரும்பப் படித்துக் காட்டவேண்டும். அது முதல் விதி.

"திரும்பப் படிக்கேன் டீச்சர். ஆறு. ஒன்பது."

எட்டு வரை எண்ணினேன்.

"பராபர்" என்றார்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். மூன்றாவது கிழிசல் இன்னும் ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. டேப் ஒட்டித்தான் வாகட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மனு முத்திரை இல்லாமல் மேசையில் கிடக்கிறது. ஆட்சேபம் கொடுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. முதல் பத்தியை எடுக்கப்போவதில்லை.